“முருகன் உங்கட கண்ணைக் குத்துவாரோ, அம்மா?”

இம்முறை பதில் எழுத எடுத்துக்கொண்ட கடிதம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து ஒரு இளம் தாய் எழுதியது. கொப்பித் தாளில் ஆறு பக்கம். ஒரே இருப்பில் எழுதியதல்ல, பேனை இரண்டு இடத்தில் மாறியிருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 29 வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. மூத்தவனுக்கு நான்கு வயது, இளையவளுக்கு ஆறரை மாதம். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் நிற்பார். வீட்டில் மாமி இருக்கிறார். கடிதம் எழுதியவர் கோயிலும் தேவாரமுமாக வளர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் பஞ்சபுராணம் ஓதுவது இவர்தான். கல்யாணத்துக்குப் பிறகும் விடியக் குளித்து விளக்கேற்றாமல் குசினிக்குள் கால் வைத்ததில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அடுத்தது தங்கினால் கற்பூரச்சட்டி எடுக்கிறேன் என்று அந்த நேரம் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். தங்கியது. கற்பூரச்சட்டி இன்னும் எடுக்கவில்லை.

இப்போது இரவில் நான்கைந்து தரம் எழும்ப வேண்டியிருக்கிறது. சட்டையில் எந்நேரமும் பாலும் சத்தியும். அந்தக் கோலத்தோடு சாமியறைக்குள் போகப் பார்த்த ஒருநாள் மாமி வாசலில் மறித்து “துடக்குத் துணியோட உள்ளுக்கை போகாதை பிள்ளை” என்றாராம். அதற்குப் பிறகு அவர் போகவேயில்லை. “விளக்கேத்தி எத்தினை நாள் எண்டு எண்ணுறதையும் விட்டிட்டன்” என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் நல்லூர்த் தேர் நாள். ஊரே நல்லூரில் நிற்க, இவர் பிள்ளைகளோடு வீட்டில். சின்னவள் வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது மூத்தவன் விளக்கெண்ணெய்ப் போத்தலை நிலத்தில் கவிழ்த்துவிட்டான். கையில் இருந்த அகப்பைக் காம்பால் அவனுடைய காலில் இரண்டு மூன்று அடி. தழும்பிவிட்டது. குழப்படி செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று அவனுக்கு எந்த நாளும் சொல்லி வந்தவர் இவர். அன்று இரவு இவர் அழுதுகொண்டிருக்க, அவன் எழும்பி வந்து கேட்டிருக்கிறான்: “அம்மா, முருகன் இப்ப உங்கட கண்ணைக் குத்துவாரோ?” அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடிய எழும்பியதும் அம்மாவின் கண்ணைத் தொட்டுப் பார்க்கிறானாம்.

கடிதத்தில் உள்ள கேள்விகள் நான்கு. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா? சின்னவளுக்கு அடிக்கடி வரும் தடிமனும் சளியும் நேர்த்தி செய்யாததால் வந்தவைதான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாரே, உண்மையா? பிள்ளையை அடித்ததற்குப் பிராயச்சித்தமாக, வரும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீர் மட்டும் குடித்து விரதம் பிடிக்கலாமா? அரைச்சம்பள லீவு முடியப் போகிறது, வேலையை விட்டுவிட்டால் நல்ல அம்மாவாக இருக்க முடியுமா?

அன்புத் தங்கச்சி,

உங்கள் மகனுடைய கேள்வியை நான் பல நாளாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் வெட்டிய வரி

ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதி, அதன்மேல் பேனையால் இரண்டு மூன்று தரம் கீறி வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினாலும் வாசிக்க முடிந்தது. நான் இல்லாமல் போனால் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லதோ என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும் விட எனக்கு இதுதான் பெரிது. ஆதலால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்த நினைப்பு இப்போதும் வருகிறதா? எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? ஓம் என்றால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மாமியையோ பக்கத்தில் இருக்கும் யாரையோ கூப்பிட்டு “என்னைத் தனிய விடாதேங்கோ” என்று சொல்லுங்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இணைப்பு. அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

அந்த அளவுக்கு இல்லை, வந்து வந்து போகிற நினைப்புத்தான் என்றாலும் அது கவனிக்கப்பட வேண்டியது. நீங்கள் எழுதியிருப்பதை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன்: பிள்ளை நித்திரை கொண்டாலும் உங்களுக்கு நித்திரை வராதது, சாப்பாட்டில் மனம் இல்லாதது, காரணம் இல்லாமல் கண்ணீர், எல்லாம் என் பிழை என்ற எண்ணம், முன்பு பிடித்த பாட்டுக்கூட இப்போது காதில் ஏறாதது. பிள்ளை பிறந்து முதல் இரண்டு கிழமைக்குள் வரும் அழுகையும் சோர்வும் பலருக்கு வருவது, தானாக அடங்கிவிடும். உங்களுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயாக இது இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும்கூட இதே மாதிரியான களைப்பையும் சோர்வையும் தரும், ஆகவே ஒரு இரத்தப் பரிசோதனையும் தேவை.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கில், பிள்ளை பெற்ற பெண்களில் 100 பேருக்கு 13 பேரளவில் மனநலப் பாதிப்பு, அதிலும் பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. எங்களுடையதைப் போன்ற வளர்ந்துவரும் நாடுகளில் அது 20 பேருக்குக் கிட்ட. அவர்கள் எல்லாரும் விளக்கேற்றாதவர்களா, எல்லாரும் நேர்த்தி பாக்கி வைத்தவர்களா? ஒருநாளும் ஒரு தேவாரம் தவறவிடாத பெண்ணுக்கும் இது வரும். தண்டனை என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது ஒரு வருத்தத்துக்கு, அந்த வருத்தத்துக்கு மருந்து இருக்கிறது.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை உங்களுக்குத் தெரியும், சின்னவளுக்கு நிறை பார்க்கிறவர். அவரிடம் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவீடு என்று ஒரு வினாக்கொத்து இருக்கிறது. 1987இல் வெளிவந்தது, பத்தே பத்துக் கேள்விகள், இலங்கையிலும் பயன்படுத்துகிறார்கள். அதில் பத்தாவது கேள்வி, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பதுதான். யோசித்துப் பாருங்கள், நீங்கள் வெட்டிய வரி அந்தத் தாளில் அச்சடித்தே இருக்கிறது. எத்தனையோ தாய்மாருக்கு வந்தபடியால்தான் அதைக் கேள்வியாகவே வைத்திருக்கிறார்கள்.

மனநலக் கிளினிக்குக்குப் போனால் பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள், அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். சிகிச்சைக்குப் போன காரணத்துக்காக ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பறிப்பதில்லை. நீங்கள் வைத்தியரிடம் சொல்வது அவரோடு இருக்க வேண்டியது, அது உங்கள் உரிமை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலை என்றபடியால் செலவில்லை. குளிசை தந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பாலூட்டும் தாய்மாருக்குக் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. “நான் பால் குடுக்கிறன்” என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தொடங்கிய குளிசையை நீங்களாக நிற்பாட்டாதீர்கள். குளிசை இல்லாமல் உளவளத்துணையோடு மட்டும் தேறுகிறவர்களும் உண்டு. எது உங்களுக்கு என்பதை அங்கே தீர்மானிக்கலாம்.

சாமியறை வாசல்

சரி, இனி உங்கள் முதல் கேள்வி.

துடக்கு, அதாவது தீட்டு, என்ற வழக்கத்தை நான் இங்கே வாதத்துக்கு எடுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கத்தின் கணக்குப்படியே பார்த்தாலும் 31ஆம் நாள் துடக்குக் கழித்து, வீடு கழுவி, ஐயர் வந்து தண்ணீர் தெளித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு உங்கள் தோளில் காய்ந்திருக்கும் பால் எந்தத் துடக்கிலும் சேராது. மாமி அன்று சொன்னது, ஊத்தைச் சட்டையைக் கண்ட அவசரத்தில் வந்த ஒரு சொல். நீங்கள் அதைக் கடவுள் சொன்ன சொல்லாக எடுத்துக்கொண்டு மாதக் கணக்காக வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானசுவாமியின் கதை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு அதை ஒருதரம் நினைத்துப் பார்த்தீர்களா? பெண் ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு நெருங்குகிறது, தாய் வரவேண்டும், காவிரியில் வெள்ளம், தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. இங்கே வலி எடுத்துவிட்டது. சிவபெருமான் அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இதைக் கேட்டபோது, கடவுள் வேடம் போட்டு வந்ததுதான் எனக்கு அதிசயமாகத் தெரிந்தது. எனக்கு மகள் பிறந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. பேறு பார்க்க வந்தவர் என்றால் இரத்தத்தில் கை வைத்திருப்பார். தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, தாயின் அலறல், நனைந்த சீலை எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்திருப்பார். பிறகு தாய் வந்து சேரும் வரைக்கும் அந்தத் துணிகளைத் தோய்த்து, கசாயம் காய்ச்சி, பிள்ளையைக் குளிப்பாட்டி இருப்பார். துடக்கு வீட்டுக்குள் அவர் வந்துதான் அந்தப் பெயரையே எடுத்தார். அவரை நாங்கள் தாயுமானவர் என்று கும்பிடுகிறோம். அப்படி வந்தவர் ஒரு பால் சத்திக்காக உங்களை விட்டுப் போவாரா?

நீங்கள் நேர்த்தி வைத்த சந்நிதியையே எடுங்கள். தொண்டைமானாற்றுக் கந்தனுக்கு இங்கே உள்ள பெயர் அன்னதானக் கந்தன். அங்கே மடங்களில் நடக்கிற சமையலும் பந்தியும் பூசைக்கு வெளியே உள்ள வேலை என்று யாரும் நினைப்பதில்லை. எச்சில் இலை எடுப்பவர்களும் சோறு வடிப்பவர்களும் அதை முருகனுக்குச் செய்வதாகத்தான் செய்கிறார்கள். நீங்கள் விடிய ஐந்து மணியிலிருந்து இரவு வரைக்கும் செய்வது என்ன? ஒன்றுக்குப் பால், ஒன்றுக்குச் சோறு, சிந்தியதைத் துடைப்பது, திரும்பவும் ஊட்டுவது.

ஆனபடியால் இது பூசைதானே, வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லி உங்கள் வாயை மூடப் பார்க்கவில்லை. பாடுவதில் உங்களுக்கு ஒரு சந்தோசம் இருந்தது, அது போய்விட்ட ஏக்கம் கடிதம் முழுக்க இருக்கிறது. அதைத் திரும்ப எடுங்கள், ஆனால் சின்னதாக. சின்னவளை மடியில் போட்டு ஆட்டும்போது ஒரு தேவாரம், முழுவதும் வேண்டாம், முதல் இரண்டு அடி. பொழுது படும்போது விளக்கை மூத்தவனோடு சேர்ந்து ஏற்றுங்கள், திரி போடுவது அவன் வேலையாக இருக்கட்டும். எண்ணெய் சிந்தும், துடைக்கலாம். ஒருநாள் ஏற்ற முடியாவிட்டால் அடுத்த நாள்.

என்னுடைய கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தி, மூன்று ஆண் பிள்ளைகளின் தாய், தனக்குப் பிடித்த மாதா கையில் பாலனோடு அமைதியாக நிற்கும் மாதா இல்லை என்பாள். பன்னிரண்டு வயது மகனைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு மூன்று நாள் தேடி, கண்டதும் “மகனே, ஏன் இப்படிச் செய்தாய்” என்று கேட்ட மாதாதானாம். அருள் நிறைந்தவள் என்று வாழ்த்தப்பட்டவளுக்கே அப்படி மூன்று நாள் வந்தது என்று அவள் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

அடித்ததைப் பற்றி

இதில் உங்களைத் தேற்றுவதற்காக ஒன்றும் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் காலில் தழும்பு வர அடித்தது பிழை. உங்களுக்கே அது தெரியும், அதனால்தான் எழுதினீர்கள். அப்படிக் கோவம் ஏறும் நேரத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். சின்னவளைத் தொட்டிலில் பத்திரமாக வைத்துவிட்டு, அவள் கத்தினாலும் பரவாயில்லை, மூத்தவன் கண்ணில் படும்படியாக விறாந்தையில் இறங்கி நின்று முகத்தில் தண்ணீர் அடியுங்கள். ஐந்து நிமிடம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. என் மகள் ஒன்பது மாதமாக இருந்தபோது ஒருநாள் மத்தியானம் நான் இப்படித்தான் கிணற்றடியில் போய் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுக்கம் அடங்கிய பிறகுதான் உள்ளே போனேன்.

ஆனால் அந்த அடியோடு எல்லாம் முடிந்தது, அவன் மனதில் நான் இனிக் கெட்ட அம்மாதான் என்று எழுதியிருப்பது சரியில்லை. எட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் படம்பிடித்து நொடி நொடியாகப் பார்த்தவர். நல்ல உறவில் இருக்கும் தாயும் பிள்ளையும்கூட ஒருவருக்கொருவர் சரியாக இசைந்து இருப்பது ஏறத்தாழ 100க்கு 30 பங்கு நேரம்தான். மிச்ச நேரம் முழுக்கத் தவறுவதும், திரும்பப் பிடித்துக்கொள்வதும். அந்தத் திரும்பப் பிடிப்பதில்தான் பிள்ளை நம்பிக்கையைக் கற்றுக்கொள்கிறது. அம்மா விலகினாலும் திரும்பி வருவா என்று.

நீங்கள் தேர் நாள் இரவு அழுதீர்கள், ஆனால் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழிந்தாலும் இப்போதும் சொல்லலாம். அவனை மடியில் இருத்தி, “அண்டைக்கு அம்மா உமக்கு அடிச்சது பிழை. உமக்கு நொந்தது. அம்மாவுக்குக் கோவம் வந்தது, ஆனா அடிச்சிருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். நீ எண்ணெய் ஊற்றினபடியால்தான் என்று பின்னால் ஒட்டாதீர்கள், ஒட்டினால் குற்றம் அவனுக்குப் போய்விடும். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று மாமி கேட்கக்கூடும். எங்கள் ஊரில் அது பழக்கமில்லாததுதான். ஆனால் ஒருவர் பிழை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது சேர்த்துக்கொள்ளப்படுவார் என்பதை ஒரு பிள்ளை கோயிலில் கற்க முடியாது. வீட்டில் கண்டிருந்தால்தான் கோயிலில் அது அவனுக்கு விளங்கும்.

நேர்த்தியும் சஷ்டி விரதமும்

சின்னவளின் தடிமனுக்கும் கற்பூரச்சட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி குறைந்துவரும் வயது, அதோடு வீட்டில் ஒரு நான்கு வயதுக்காரன் முன்பள்ளிக்குப் போய் வருகிறான். அவன் கொண்டுவருவதெல்லாம் அவளுக்கும் வரும். மூச்சு இழுத்தால், பால் குடிக்காவிட்டால், காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

நேர்த்திக்குக் கெடு வைத்தது யார்? நீங்கள் வைக்கவில்லை என்று கடிதத்திலேயே இருக்கிறது. இருபது வருசத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்து, பிள்ளைப் பருவத்தில் தாய் வைத்த நேர்த்தியை வளர்ந்த மகன் வந்து செய்வதை நாங்கள் கோயில் வீதியில் காண்கிறோமே. அதை யாரும் கடன் ஏய்த்ததாகச் சொல்வதில்லை. உடம்பு தேறட்டும். சின்னவள் நடக்கத் தொடங்கிய பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு போய் எடுங்கள்.

விரதத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடத் தேவை. ஆறு நாள் இளநீரோடு இருந்தால், ஏற்கெனவே நித்திரை இல்லாத, சாப்பாடு குறைந்த உடம்பு விழுந்துவிடும், மனச்சோர்வும் கூடும். அதோடு, நீங்கள் அதைப் பக்தியால் கேட்கவில்லை, உங்களைத் தண்டிக்கக் கேட்கிறீர்கள். விரதம் அதற்கு உள்ளதல்ல. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் விலக்கு உண்டு என்று உங்கள் கோயில் ஐயரைக் கேட்டாலே சொல்வார். மனம் கேட்காவிட்டால் அந்த ஆறு நாளும் மூன்று நேரமும் மரக்கறிச் சாப்பாடு வயிறு நிறையச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பொழுது பட விளக்கேற்றுங்கள்.

வேலை, அவர், மாமி

வேலையை இப்போது விட வேண்டாம். மனம் இப்படி இருக்கும்போது திருப்ப முடியாத தீர்மானம் எதையும் எடுக்காமல் இருப்பது நல்லது. அரசாங்க உத்தியோகத்தருக்கு முழுச்சம்பளத்தோடு 84 நாள், அரைச்சம்பளத்தோடு 84 நாள், அதற்குப் பிறகும் சம்பளமில்லாமல் இன்னொரு 84 நாள் பிரசவ லீவு எடுக்க இடம் இருக்கிறது. நீங்கள் இரண்டாவதின் முடிவில் நிற்கிறீர்கள். மூன்றாவது வேண்டுமா என்பதைக் காசு நிலைமையைப் பார்த்து இருவரும் பேசுங்கள். வேண்டும் என்றால் லீவு முடிய முன்பே எழுத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், வேலைக்குத் திரும்பிய பிறகு மனம் லேசான தாய்மாரையும் நான் கண்டிருக்கிறேன். பகல் முழுக்க வீட்டில் இருப்பதால் மட்டும் ஒருவர் நல்ல அம்மா ஆகிவிடுவதில்லை.

அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் வேலையில் மனம் போகாது என்று மறைக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்ல வரவில்லை என்றால் எனக்கு எழுதியதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த தரம் வரும்போது இரண்டு இரவும் பிள்ளைகளை அவர் பார்க்கட்டும். நீங்கள் வேறு அறையில் படுங்கள், பால் நேரத்துக்கு மட்டும் சின்னவளை உங்களிடம் கொண்டு வரட்டும்.

மாமியைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தே இறுகிவிடுகிறது, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அதே பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 1995 யுத்த இடப்பெயர்வின்போது உங்கள் கணவர் மாமியின் கையில் எட்டு மாதக் குழந்தை. அந்த ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததே, அந்த நெரிசலில் மாமியும் நடந்திருக்கிறார். அங்கே சாமியறை எங்கே இருந்தது? குளிக்கக் கிணறு, மாற்றச் சேலை, பிள்ளைக்குத் துணி எங்கே இருந்தது? அந்த இரவில் அவர் யாரைக் கூப்பிட்டார், எப்படிக் கும்பிட்டார் என்று ஒருநாள் கேளுங்கள். பழி வாங்கும் கேள்வியாக அல்ல, உண்மையாகவே அறிய விரும்பி. தன் வீட்டுச் சாமியறையை அவர் ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்பதும் அதில் தெரியவரலாம். அந்தக் கதையைச் சொன்ன பிறகு உங்கள் சட்டையை அவர் வேறு விதமாகப் பார்ப்பார் என்று நான் நம்புகிறேன். நடக்காவிட்டாலும் நீங்கள் விறாந்தையில் நின்று கும்பிடலாம், முருகனுக்கு அது எட்டும்.

இனி அவன் கேட்டது

கண்ணைக் குத்துவாரோ என்று அவன் கேட்டது குற்றம் கண்டுபிடிக்க இல்லை, பயத்தில். தன் அம்மாவின் கண்ணுக்கு ஏதும் வந்துவிடுமோ என்றுதான் விடிய விடியத் தொட்டுப் பார்க்கிறான். சாமி கண்ணைக் குத்தும் என்பதை எங்கள் எல்லாருக்கும் எங்கள் அம்மாமார் சொல்லியிருக்கிறார்கள், யோசிக்காமல் வாயில் வருவது. ஆனால் அந்தக் கண் குத்துகிற சாமியைத்தான் நீங்கள் உங்களுக்குள்ளும் வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பயந்துதான் இளநீர் விரதம், அதற்குப் பயந்துதான் சின்னவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் நெஞ்சு பதறுகிறது. அவனுக்குச் சொல்வதை நிற்பாட்டினால் உங்களுக்குச் சொல்வதும் மெல்ல நிற்கும்.

சஷ்டியின் ஆறாம் நாள் அவனைச் சூரன் போருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெரிய தலைகளைக் கண்டு பயந்து உங்கள் இடுப்பைக் கட்டிப் பிடிப்பான். அப்போது தூக்கி வைத்துக்கொண்டு கதையின் முடிவைச் சொல்லுங்கள். அவ்வளவு அநியாயம் செய்த சூரனையே முருகன் இல்லாமல் ஆக்கவில்லை. மயிலாக்கித் தான் ஏறிக்கொண்டார், சேவலாக்கிக் கொடியில் வைத்துக்கொண்டார், இன்றைக்கும் தன்னோடுதான் வைத்திருக்கிறார். “முருகன் ஆற்றையும் கண்ணைக் குத்தமாட்டார் அப்பன், அம்மா பிழையாச் சொல்லிப்போட்டன்” என்று சொல்லுங்கள். மயிலையும் சேவலையும் அவனே கைகாட்டிக் காட்டட்டும்.

அது சஷ்டிக்கு. அதற்கு முன்னால், இந்தக் கிழமையே, குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். தனியப் போகப் பயம் என்றால் மாமியைப் பிள்ளைகளோடு வெளியில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஐந்தாம் பக்கத்து வரியை அவரிடம் வெட்டாமல் சொல்லுங்கள். சொன்ன பிறகு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.